புண்ணாக்கு தீவனம் என்றால் பழச்சக்கை மட்டும் கழிவா?

"பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்" என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. கூடா நட்புக்கு எடுத்துக்காட்டாக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கன்று பிறப்பிலேயே சுத்தம், பன்றி பிறப்பிலேயே அசுத்தம், கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும். சாதியைக் கற்பிக்க இதைவிடச் சுருக்கமான பாடம் தேவையில்லை. கன்றுக்கு வைக்கோலும் தவிடும் வைக்க ஒருவரிடம் நிலம் இருந்தது, பன்றியை வளர்த்தவரிடம் வைக்க ஒன்றும் இல்லை என்ற செய்தி மட்டும் அந்தப் பழமொழியில் இடம்பெறவில்லை.

விடுபட்ட அந்தச் செய்தியைப் பற்றித்தான், கோத்தகிரியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். ஜாம், ஜூஸ், ஸ்குவாஷ் செய்த பிறகு மிஞ்சும் பழத்தோலையும் சக்கையையும் பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் சேர்க்கலாம் என்பது கால்நடை அறிவியலில் புதிய செய்தி அல்ல. நம் மலையில் அது யார் கைக்குப் போக வேண்டும், எந்தப் பெயரில் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது சாதிக் கேள்வியாக மாறிவிடும்.

பன்றி ஏன் சாக்கடைக்குப் போனது?

பன்றி, மனிதரைப் போலவே எல்லாம் தின்னும் விலங்கு. போதிய இடம் கொடுத்தால் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது, ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கிக்கொள்ளும். வியர்த்து உடலைக் குளிர்விக்க அதற்கு முடியாது. அதனால்தான் வெயிலில் சேறு தேடுகிறது. சாக்கடையையும் திறந்தவெளிக் கழிப்பிடத்தையும் நாடிப் போவதற்குக் காரணம் பசி. கொட்டிலில் வயிறு நிரம்பிய பன்றிக்கு அந்த வேலை இல்லை.

மாடு வளர்த்தவருக்கு வயல் இருந்தது, வைக்கோல் இருந்தது, மேய்ச்சல் புறம்போக்கில் உரிமை இருந்தது. பன்றி வளர்த்த அருந்ததியர், காட்டுநாயக்கர், குறவர் போன்ற மக்களிடம் நிலம் இல்லை. ஊர் எதைக் கழித்து ஒதுக்கியதோ அதுதான் அவர்கள் பன்றிக்கு மேய்ச்சல் நிலம். அந்தச் சாக்கடையை அள்ளும் வேலையையும் அதே மக்களில் பலர் தலையில் ஊர் கட்டியது. பிறகு பன்றியையும் ஆளையும் சேர்த்துக் காட்டி "அசுத்தம்" என்றது. நாகராஜ் மஞ்சுளேவின் 'ஃபன்றி' (2013) மராத்தியில் காட்டியதும், மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) தமிழில் பன்றிக்குட்டிகளை வைத்துப் பேசியதும் இந்த இழிவைத்தான். திரையில் கண்கலங்கிய நாம் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அந்தக் குட்டிகள் என்ன தின்று வளர்கின்றன?

இதில் உடல்நலக் கணக்கும் இருக்கிறது. மனித மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் வளரும். அந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளைவரை சென்று வலிப்பு நோயை உண்டாக்கும். கழிப்பறையும் கொட்டிலும் சுத்தமான தீவனமும் சேர்ந்தால் இந்தச் சுழற்சி அறுந்துவிடும்.

மிச்சம் எப்போது தீவனம் ஆகிறது?

எண்ணெய் ஆட்டிய பின் செக்கில் மிஞ்சுவது புண்ணாக்கு. நெல்லை அரைத்த பின் மிஞ்சுவது தவிடு. பருப்பு உடைத்தால் பொட்டும் தோலும் மிஞ்சுகின்றன. எல்லாமே ஒரு தொழிலின் எச்சம்தான். இவற்றை யாரும் கழிவு என்று சொல்வதில்லை. கடையில் மூட்டைக்கு விலை எழுதி வைக்கிறார்கள். மாடு தின்கிறது, மாட்டுக்காரருக்கு மதிப்பு இருக்கிறது, ஆகவே அது தீவனம்.

வெளிநாட்டில் பழச்சக்கைக்கும் இந்த மதிப்பு உண்டு. பிரேசிலிலும் ஃப்ளோரிடாவிலும் ஆரஞ்சு ஜூஸ் ஆலைகளில் மிஞ்சும் தோலையும் சக்கையையும் காயவைத்து, குச்சித் தீவனமாக அழுத்தி விற்கிறார்கள். அது கப்பலேறி ஐரோப்பியப் பண்ணைகளுக்குப் போகிறது. ஆப்பிள் சக்கையும் அப்படித்தான். நம் கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய இருக்கின்றன. மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையுமாக ஒதுங்குகிறது. அதையெல்லாம் கழிவுக் கணக்கில் எழுதுவதா, தீவனக் கணக்கில் எழுதுவதா என்பதை அந்தப் பொருளின் தன்மை தீர்மானிப்பதில்லை. வாங்க வருபவர் யார் என்பது தீர்மானிக்கிறது.

நீலகிரிக்கு வருவோம். 1819இல் கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய ஜான் சல்லிவன் காலத்திலிருந்தே ஐரோப்பியப் பழங்கள் இந்த மலையில் வேர்விட்டன. பிளம்ஸ், பீச்சஸ், பேரிக்காய் மேலே விளைகின்றன. பர்லியார், கல்லாறு பக்கம் பலாவும் மங்குஸ்தானும் உண்டு. எங்கள் ஊர்ச் சிறுவர்கள் வேலியில் பறித்துத் தின்னும் தாட்பூட் பழத்தைத்தான் கடையில் பேஷன் ஃப்ரூட் ஜூஸ் என்று விற்கிறார்கள். குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதப்படுத்தும் நிலையம் ஜாமும் ஜெல்லியும் ஸ்குவாஷும் ஊறுகாயும் செய்து விற்கிறது. சுற்றுலாப் பயணிகளை நம்பி வீட்டோடு ஜாம் போடுகிறவர்களும் சிறு தொழில் நடத்துகிறவர்களும் மலை முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலும் ஒரு கூடை தோலும் சக்கையும் இருக்கிறது.

பின்வாசல் தொட்டி

என் அப்பாயி, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் இருந்து இங்கே வந்தவர். கொழுந்து பறிக்கும் கூலி போதாமல் லைன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றி வளர்த்தார். காய்கறி மண்டியில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலையும் கேரட்டும் போக, ஓர் உணவு விடுதியின் எச்சில் தொட்டிதான் தீவனம். முன்வாசல் வழியாகப் போகக்கூடாது. கடை சாத்தும்வரை சந்தில் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை அந்தச் சந்தையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்வதால் விடுதிக்குத்தான் வேலை மிச்சம், ஆனால் கும்பிட்டவர் அப்பாயி. "நாம எடுக்கலைன்னா அவன் காசு குடுத்துல்ல அள்ளணும்" என்று வீட்டில் வந்து சொல்வார். அந்தக் கணக்கை அவர் கடை வாசலில் நின்று சொல்ல முடிந்ததில்லை.

அந்த இரண்டு பன்றிகள் ஈன்ற குட்டிகளை விற்ற காசில்தான் என் அப்பா பள்ளிக்குப் போனார். அதனால் குட்டி பிழைப்பதும் சாவதும் வீட்டுப் பொருளாதாரம் என்பது எனக்குத் தெரியும்.

குட்டியின் வயிறு

பன்றிக்குட்டி பிறக்கும்போது ஒரு கிலோவை ஒட்டிய எடைதான் இருக்கும். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. ஆறாயிரம் அடி உயரத்துக்கு அருகே இருக்கும் கோத்தகிரியின் இரவுக் குளிரில் அதற்கு வைக்கோல் படுக்கையும் பல்பு வெளிச்சத்தின் சூடும் வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது, முதல் வாரத்திலேயே ஊசி போட வேண்டும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டித்தீவனம் பழக்குவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பிரித்த முதல் சில நாட்கள்தான் கண்டம். பால் செரித்த குடலுக்குத் திடீரென்று மாவும் தவிடும் வந்தால் செரிக்காது. செரிக்காத உணவில் கெட்ட கிருமி பெருகி, கழிச்சல் பிடித்து, குட்டிகள் துவண்டுவிடும். மூன்று குட்டி போனால் அந்த ஈற்றின் லாபம் போயிற்று.

பழச்சக்கை இங்கேதான் உதவுகிறது. பழத்தோலில் இருக்கும் பெக்டின் போன்ற நார்ப்பொருள் பெருங்குடலில் புளிக்கும். அதனால் நல்ல நுண்ணுயிர்கள் வளர்ந்து கழிச்சல் கிருமிக்கு இடம் குறையும். ஆப்பிள் சக்கை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றைக் குட்டித்தீவனத்தில் சேர்ப்பதன் அடிப்படை இதுதான். கூடவே அதன் இனிப்புக்காகக் குட்டி புதுத் தீவனத்தில் சீக்கிரம் வாய் வைக்கும்.

ஆனால் அளவு முக்கியம். குட்டித்தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, அதுவும் காயவைத்துப் பொடித்ததாகவோ காற்றுப் புகாமல் புளிக்கவைத்ததாகவோ இருக்க வேண்டும். பழச்சக்கையில் புரதம் குறைவு. குட்டிக்கு நூற்றுக்கு இருபது பங்கை ஒட்டிப் புரதம் தேவை. கடலை அல்லது சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தாது உப்பு எல்லாம் இருந்தால்தான் தீவனம் முழுமையாகும். வெறும் சக்கையைத் தொட்டியில் ஊற்றினால் கழிச்சல் குறையாது, கூடும். நான்கு மாதம் தாண்டிய பன்றிக்குப் பங்கைக் கூட்டலாம்.

பிளம்ஸ், பீச்சஸ் கொட்டையை உடைத்து அரைத்தால் சயனைடு வெளிவரும், ஆகவே கொட்டை நீக்கியே வாங்க வேண்டும். வெண்ணெய்ப்பழத்தின் தோலும் கொட்டையும் பல கால்நடைகளுக்கு நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்கக்கூடாது. எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஓரிரு நாளில் சக்கை கெட்டுவிடும், திறந்து வைத்தால் சாராய வாடை வரும். இங்கே கரடியும் வரும். கோத்தகிரியில் பலாப்பழ வாசனைக்கு வீட்டு வாசல்வரை வருகிற கரடியிடம் சக்கைக் குவியலைக் காட்டக்கூடாது.

மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் தவிடு கலந்து, ஈரத்தைக் குறைத்து, காற்று போக அழுத்தி, இறுக மூடி மூன்று வாரம் வைப்பதுதான் இங்கே பொருந்தும். ஊறுகாய் போல் இதமான புளிப்பு வாசனை வந்தால் பதம் சரி. இதற்கு ஆலை தேவையில்லை. டிரம், வெட்டும் இயந்திரம், சிமெண்டுத் தரை போட்ட ஒரு கொட்டகை போதும்.

ஏன் இப்போது?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வடகிழக்கு வழியாக வந்தது. 2022 ஜூலையில் வயநாட்டில் உறுதியானது, பண்ணைப் பன்றிகளைக் கூட்டமாகக் கொன்று புதைத்தார்கள். 2023 ஜனவரியில் நம் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன, அதே நோய் என்று உறுதி செய்தார்கள். மனிதருக்கு அது வராது. பன்றிக்கு வந்தால் ஏறக்குறைய சாவுதான். இறைச்சித் துண்டு கலந்த எச்சில் உணவைச் சரியாக வேகவைக்காமல் கொடுப்பது அது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று.

ஆக, "எச்சில் தொட்டியை நிறுத்து" என்று கால்நடைத் துறை சொல்வது அறிவியல்படி சரி. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று சொல்லாமல் நிறுத்தச் சொல்வதுதான் அநியாயம். பன்றி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. கடைத் தீவனம் வாங்க முடியாதவருக்கு அந்த அறிவுரை, தொழிலை விட்டுப் போ என்று சொல்வதற்குச் சமம். இறைச்சி கலக்காத, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பழச்சக்கை அந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கும்.

வெண்பன்றிக்கு மட்டும் மரியாதை

தொழிலை விட்டு அவர்கள் வெளியேறினால் பன்றி வளர்ப்பு நின்றுவிடப் போவதில்லை. கை மாறும். நாட்டுப் பன்றி என்றால் வசைச்சொல், 'வெண்பன்றிப் பண்ணை' என்றால் தொழில்முனைவு. 2021இல் மாற்றியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் 100 பெண் பன்றியும் 10 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம், 30 லட்சம் ரூபாய்வரை தருகிறது. மீதிப் பாதிக்கு வங்கிக் கடனோ கைப்பணமோ காட்ட வேண்டும், நிலம் காட்ட வேண்டும். மூன்று பன்றியும் முப்பது ஆண்டு அனுபவமும் வைத்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் படிவத்தில் நிரப்ப ஒரு கட்டமும் இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் சுமார் 90 லட்சம், 2012ஐ விட 12 விழுக்காடு குறைவு. அந்தச் சரிவில் இப்படிப்பட்ட கொட்டில்கள் எத்தனை மூடின என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

பழச்சக்கைக்கும் இதுதான் நடக்கும். அது விலையுள்ள பொருள் என்று தெரிந்த மறுநாளே லாரி வைத்திருப்பவர் ஆண்டுக் குத்தகை எடுத்துவிடுவார். அதற்கு முன் நாம் பேசியாக வேண்டும்.

ஒரு நியாயமான மறுப்பு

"தலித்துகளை மறுபடியும் பன்றியோடும் கழிவோடும் கட்டிப்போடுகிறாயா?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னார், இழிவைச் சுமத்தும் வேலைகளை விடச் சொன்னார். அதில் வருமானம் இருக்கிறதே என்று சாதி இந்துக்கள் போட்ட கணக்கை அவர் ஏற்கவில்லை. அதற்கும் முன்பே, 1891இல் இதே நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாட்டின் கோரிக்கைகளில், சிறைக்குள்ளும் பறையருக்கென்று இழிவேலையை ஒதுக்கிய விதியை நீக்கு என்பதும் ஒன்று.

இரண்டு பேரும் எதிர்த்தது வேலை பிறப்பால் ஒதுக்கப்படுவதை, கூலிக்குப் பதில் எச்சத்தை வீசுவதை. நானும் அதையேதான் எதிர்க்கிறேன். பன்றி வளர்ப்பை விட்டு வெளியேற நினைக்கிற பிள்ளைக்குப் படிப்பும் வேறு வேலையும் கிடைக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் திறமையும் லாபமும் கண்டு தொடர நினைக்கிறவரை வெறுங்கையோடு வெளியே தள்ளிவிட்டு, அதே தொழிலை மானியத்தோடு இன்னொருவர் எடுத்துக்கொள்வதற்கு விடுதலை என்று பெயர் வைக்கக்கூடாது. பின்வாசல் தொட்டிக்கும் கையெழுத்திட்ட தீவன ஒப்பந்தத்துக்கும் உள்ள தூரம்தான் நான் பேசுகிற தூரம். "எடுத்துக்கிட்டுப் போ" என்று சும்மா கொடுத்தால் பதிலுக்குச் சந்தைக் கூட்டச் சொல்வார்கள். ரசீதோடு விற்றால் சொல்ல முடியாது. கெட்டுப்போன சக்கை வந்தால் திருப்பி அனுப்பவும் முடியும்.

என்ன கேட்கலாம்?

முதலாவது, அரசின் பழம் பதப்படுத்தும் நிலையங்கள் எந்த மாதத்தில் எவ்வளவு சக்கை மிஞ்சுகிறது என்பதைப் பலகையில் எழுதி வைக்கட்டும். குறைந்த நிலையான விலைக்கு, பட்டியல் சாதி, பழங்குடிப் பன்றி வளர்ப்போர் குழுக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முதல் உரிமை தரட்டும்.

இரண்டாவது, குறு உணவுத் தொழில்களுக்கு ஒன்றிய அரசு 2020 முதல் 35 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய்வரை மானியம் தருகிறது. பொதுப்பணம் வாங்கும் ஜாம், ஜூஸ் தொழிலகங்கள் கொட்டையைப் பிரித்து, சக்கையை மூடிய டிரம்மில் அன்றன்றே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய காரியம் இல்லை.

மூன்றாவது, மூன்று முதல் ஐந்து தாய்ப்பன்றி வைத்திருப்பவருக்குத் தாட்கோ வழியாகக் கடனும் கொட்டகையும் தேவை. டிரம், வெட்டும் இயந்திரம், தீவனக் கலவைப் பயிற்சி ஆகியவற்றைக் குழுவுக்குப் பொதுவாகத் தரலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி நடத்துகிறது. அந்த அறிவு மலையேறி லைன் வீட்டுக் கொட்டில்வரை வரட்டும். நோய் வந்து பன்றிகளைக் கொல்ல நேர்ந்தால், இழப்பீடு பண்ணைக்காரருக்குக் கிடைப்பதுபோல் இரண்டு பன்றி வைத்திருப்பவருக்கும் கிடைக்கட்டும்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும். டன் கணக்கில் பழங்களை அடுக்கிச் செய்த உருவங்களின் முன் நின்று எல்லோரும் படம் எடுப்போம். இந்த முறை படத்தோடு ஒரு மனுவையும் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில், தோட்டக்கலைத் துறைக்கு மூன்றே கேள்விகள்: கண்காட்சி முடிந்த பின் அந்தப் பழங்கள் எங்கே போகின்றன? பதப்படுத்தும் நிலையத்தின் தோலும் சக்கையும் ஆண்டுக்கு எத்தனை கிலோ? அவற்றை யார், என்ன விலைக்கு எடுக்கிறார்கள்? பதில் வந்ததும் நகலெடுத்து, உங்கள் ஊரில் பன்றி வளர்க்கிற குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பேரம் பேச அவர்களுக்கு முதலில் தேவை அந்த எண்கள்தான்.